கரண்ட் இருந்தால் 4.5, போனால் 3.4

2012 தீபாவளி முடிந்த அடுத்த வாரம். மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் அரைத் தூக்கமாக வந்து எழும்பூரில் இறங்கினேன். கேம் ஆடப் புதுக் கம்ப்யூட்டர், அதற்கு ஒரு ப்ராசசர் வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கடை திறக்க இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள். நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் இன்டெல் கோர் ஐ5-3570கே, வலது பக்கம் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350. மூன்று வாரமாக எழுதியும் அடித்தும் அது மளிகைக் கடைச் சீட்டு மாதிரி ஆகியிருந்தது.

கேட்க வேண்டியவர்களிடம் எல்லாம் கேட்டாயிற்று. தெப்பக்குளத்து நண்பன் எஃப்எக்ஸ் கட்சி. கோர் என்றால் ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எட்டு கோர்டா! நாலு கோருக்குப் போய் அதைவிட ஜாஸ்தி காசு குடுப்பியா நீ?" பெங்களூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் இன்டெல் கட்சி. "எத்தனை பேர்னு எண்ணாத தம்பி, ஒருத்தன் எவ்வளவு வேலை செய்றான்னு பாரு" என்றார் போனில். ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால்தான் மூன்று வாரம்.

3570கே அந்த வருஷம் ஏப்ரலில் வந்தது. 22 நானோமீட்டர் நுணுக்கத்தில் செய்தது (இந்த எண் சிறிசானால் பொதுவாக மின்சாரமும் கம்மி), நாலு கோர், நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், தானாக ஏறும் டர்போவில் 3.8, வெப்ப அளவு 77 வாட். எஃப்எக்ஸ்-8350 வெளிவந்து ஒரு மாதம் ஆகவில்லை. அக்டோபர் 23இல்தான் அறிமுகம். 32 நானோமீட்டர், எட்டு கோர், 4.0 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.2, வெப்ப அளவு 125 வாட். எனக்குச் சொன்ன விலையில் இன்டெல் ரெண்டாயிரம் ரூபாய்க்குள் கூடுதல்.

அந்த எட்டு கோரில் ஒரு சங்கதி உண்டு. எட்டும் நாலு ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் ஒரே வீட்டில் ரெண்டு குடித்தனம்: முழு எண் கணக்குப் போடும் அறை ஆளுக்கொன்று; தசமக் கணக்குப் போடும் பகுதி, கட்டளைகளை எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் பகுதி, ரெண்டாம் நிலை கேஷ் என்ற கைவசச் சேமிப்பு எல்லாம் பொது. ரெண்டு அடுப்பு வேண்டிய நேரத்தில் ஒரு அடுப்படிதான். வீடியோ மாற்றுவது, ஜிப் பிரிப்பது மாதிரி வேலைகளில் எட்டு பேரும் கை கொடுப்பார்கள், அங்கே எஃப்எக்ஸ் 3570கேயை முந்தும். கேமில் பெரும்பாலும் ஒன்றிரண்டு த்ரெட்தான் மொத்தப் பாரத்தையும் இழுக்கும். அந்த இடத்தில் 4 கிகாஹெர்ட்ஸ் எஃப்எக்ஸ், 3.8 இன்டெல்லுக்குப் பின்னால் ஓடும். ஸ்கைரிம் மாதிரி கேமில் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு.

ஓவர்கிளாக், அதாவது கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுகிற விஷயத்தில் ஏஎம்டி தாராளம். எஃப்எக்ஸ் வரிசை முழுவதுமே பூட்டில்லாதது. 2011இல் இதன் அண்ணன் எஃப்எக்ஸ்-8150ஐத் திரவ ஹீலியத்தில் குளிப்பாட்டி 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிக் கின்னஸில் ஏற்றினார்கள். இன்டெல்லில் பேருக்குப் பின்னால் 'கே' எழுத்து இருந்தால்தான் பெருக்கெண்ணை இஷ்டம்போல ஏற்ற முடியும். அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸை அந்த எண்ணால் பெருக்கினால் வருவதுதான் வேகம். அந்த 100 மெகாஹெர்ட்ஸோடு கார்டு, டிஸ்க் இணைப்புகளான பிசிஐ எக்ஸ்பிரஸும் சாட்டாவும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் அதைச் சில சதவீதத்துக்கு மேல் தள்ளினால் எல்லாமே தகராறு செய்யும். 'கே' வாங்கி, கூடவே இதற்கு இடம் கொடுக்கும் இசட்77 மதர்போர்டும் வாங்கி, 45 என்று பெருக்கெண் போட்டால் 4.5. அவ்வளவுதான் வித்தை. மிச்சம் எல்லாம் வோல்டேஜும் சூடும்.

சூடு என்றதும்தான் என் தாளில் இல்லாத மூன்றாவது பத்திக்கு வருகிறேன்.

அந்த வருஷக் கடைசியில் மதுரையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேர மின்வெட்டு. எங்களுக்குப் பன்னிரண்டு, பதினாலு. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். கரண்ட் வந்த அடுத்த நிமிஷம் தெருவே எழுந்துகொள்ளும்: மோட்டார், கிரைண்டர், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ். அம்மாவுக்கு மாவாட்ட நாற்பது நிமிஷம் வேண்டும், அதற்குள் தொட்டி நிறைய வேண்டும். இந்த வரிசையில் என் கேமுக்கு எத்தனாவது இடம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, 150 ஆம்பியர் அவர் ட்யூபுலர் பேட்டரி. 12 வோல்ட்டோடு பெருக்கினால் 1800 வாட் மணி. கணக்கில்தான் அது, இழப்பெல்லாம் போக, பேட்டரியை முழுசாக உறிஞ்சாமல் விட்டால், கைக்கு வருவது 1200 என்று வைத்துக்கொள்ளலாம். ரெண்டு ஃபேன், மூன்று ட்யூப் லைட், டிவி எல்லாம் சேர்ந்து 300 வாட். கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் 250 வாட் இழுத்தால் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவே 400 வாட் இழுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம்கூடத் தேறாது. அரை மணி நேரம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இந்தப் பேட்டரி காலியானால் முழுசாக ஏறப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேண்டும். எங்களுக்குக் கரண்ட் வருவதே ஒவ்வொரு மணி நேரமாகத்தான். காலையில் எடுத்த கடனை ராத்திரி வரை அடைக்க முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேன் நின்றால் அதற்குக் காரணம் நான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இங்கேதான் ஓவர்கிளாக்கின் கணக்கு கடிக்கும். ப்ராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு வர்க்கத்தில் ஏறும். 3.8இல் 1.10 வோல்ட்டுக்கு ஓடுகிற ஒன்றை 4.5க்குத் தள்ள 1.25 வோல்ட் கொடுத்தால், வேகம் கூடியது 18 சதவீதம், மின்சாரம் கூடியது 50 சதவீதத்துக்கு மேல். 77 வாட்டில் தொடங்குகிறவனுக்கு இது தாங்கும் செலவு. 125இல் தொடங்கி, 1.4, 1.45 வோல்ட் வரை கேட்கிற எஃப்எக்ஸுக்கு 4.7 கிகாஹெர்ட்ஸில் ப்ராசசர் மட்டுமே 200 வாட்டைத் தாண்டும். அத்தனையும் கடைசியில் வந்து சேரும் இடம் பத்துக்குப் பத்து அறை.

நான் படித்த சோதனைக் கட்டுரைகளில் எல்லாம் அறை வெப்பம் 21, 22 டிகிரி என்று ஒரு ஓரத்தில் போட்டிருப்பார்கள். நாம் அதைத் தாண்டிப் போய்விடுவோம். காற்றில் குளிர்விக்கும் ப்ராசசரின் சூடு அறையின் சூட்டுக்கு மேலே ஏறும் ஒரு உயரம். அடித்தளம் 14 டிகிரி உயர்ந்தால் மாடியும் 14 டிகிரி உயரும். அங்கே 75 காட்டிய அதே செட்டிங் மே மாத மதுரையில் 89 காட்டும். அந்தக் கட்டுரைகளில் பொய் இல்லை. எங்கள் வீட்டுக்காக எழுதவில்லை, அவ்வளவுதான்.

கடை திறந்தது. கவுண்டரில் இருந்தவரிடம் 3570கே கேட்டேன். உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். பார்த்தால் 3470.

"அண்ணே, இது இல்ல. பின்னாடி 'கே' போட்டது வேணும்."

"எல்லாம் ஐ5தான் தம்பி. இது ரெண்டாயிரம் கம்மி. அந்த 'கே'யெல்லாம் யாரு கேக்குறா?"

நான் கேட்கிறேன் என்றேன். பக்கத்துக் கடைக்கு ஆள் போய், இருபது நிமிஷம் கழித்துச் சரியான பெட்டி வந்தது. சீல் உடையாமல் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மட்டும் அவர் கொடுத்ததை வாங்காமல், பட்டியலில் இருந்த, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத 80 பிளஸ் ரகத்தையே பிடிவாதமாக வாங்கினேன். ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று உள்ள இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 100 வோல்ட் வரை இறங்கினாலும் தாங்கும். சாயங்காலம் எங்கள் தெருவில் 170 வோல்ட்தான். ஆனால் அதே ரகத்துக்குச் சதுர அலை இன்வெர்ட்டர் ஆகாது, சில சமயம் மாறும் நொடியில் அணைந்துவிடும். எங்கள் வீட்டில் இருந்தது சைன் வேவ். அப்பா விவரம் தெரியாமல் வாங்கியது, புண்ணியம்.

கிராபிக்ஸ் கார்டு ரேடியான் எச்டி 7850. இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. 1080பி மானிட்டர், 60 ஹெர்ட்ஸ், 7850. இந்தக் கூட்டணியில் பாதிக்கு மேற்பட்ட கேம்களில் ப்ராசசர் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான், ஏனென்றால் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும். 4.5க்கு ஏற்றியதால் எனக்கு நிஜமாகவே பயன் தெரிந்தது ஸ்கைரிமின் ஊர்களுக்குள் நடக்கும்போதும், ஆட்கள் நிறைந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் சர்வரிலும்தான். மற்றபடி ஓவர்கிளாக் என்பது சீட்டு விளையாடுவது மாதிரி. நேரம் போகும், ஜெயித்த மாதிரி இருக்கும்.

டிசம்பர், ஜனவரி குளிர் எனக்குச் சாதகம். நாலு செப்புக் குழாய் உள்ள டவர் கூலர், ஹைப்பர் 212. 4.4, 4.5, அப்புறம் பேராசையில் 4.6. ப்ராசசரை முழுப் பாரத்தில் வதைத்துச் சோதிக்கும் பிரைம்95 ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. விண்டோஸ் எழும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் ரெண்டு புரொஃபைல் சேமித்தேன். அதில் தமிழ் வராது, ஆங்கில எழுத்திலேயே 'விருந்து', 'விரதம்' என்று பேர் வைத்தேன். விருந்து 4.6. விரதம் என்றால் 3.4, டர்போ கிடையாது, வோல்டேஜ் 1க்குச் சற்றுக் கீழே. மின்வெட்டு நேரம் தெரிந்த நாட்களில் ஐந்து நிமிஷம் முன்னால் ரீஸ்டார்ட் செய்து விரதத்துக்கு மாறிவிடுவேன். 22 நானோமீட்டரின் அருமை விருந்தில் தெரியவில்லை, விரதத்தில்தான் தெரிந்தது: கேம் ஓடுகிறது, கூலர் விசிறி சுற்றுகிற சத்தமே இல்லை.

மே மாதம் வந்தது. விண்டோஸ் படுத்துவிட்டது என்று சொல்லும் நீலத் திரை விழ ஆரம்பித்தது, வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் தினமும். கடைசியில் 124 என்று முடியும் பிழை எண். எனக்குச் சந்தேகமே இல்லை, லோ வோல்டேஜ்தான். எதிர் வீட்டு மோட்டார் போட்டால் ட்யூப் லைட் சிமிட்டுகிறதே! ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டேன். அப்பாவிடம் வயரிங்கைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்தினேன். எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் கம்பியைப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று நூற்றைம்பது வாங்கிக்கொண்டு போனார்.

அறையில் ஒரு தெர்மாமீட்டர் வைக்க வேண்டும் என்று தோன்ற எனக்குப் பதினைந்து நாள் ஆனது. 37 டிகிரி. ப்ராசசர் 97. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் எல்லை 105. சூடு ஏற ஏற, அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கேட்கும்; ஜனவரியில் போதுமாக இருந்த 1.28 மே மாதத்தில் போதவில்லை. கூட்டிக் கொடுத்தால் இன்னும் சூடு. ஆக, லைன்மேன் மேல் நான் போட்ட பழியெல்லாம் என் பெருக்கெண் மேல் விழ வேண்டியது. 4.6ஐ 4.3 ஆக்கினேன், நீலத் திரை நின்றது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஐவி பிரிட்ஜ் என்ற இந்தத் தலைமுறை இன்டெல்லுக்கு ஒரு தனி நோய் உண்டு. முந்தைய சாண்டி பிரிட்ஜில் சிலிக்கானுக்கும் மேல் மூடிக்கும் நடுவே ஈயம் வைத்த மாதிரி சால்டர் செய்திருந்தார்கள். ஐவி பிரிட்ஜில் அதை விட்டுவிட்டு, சூட்டைக் கடத்த வெறும் பேஸ்ட். சிலிக்கானும் சிறிசு, 160 சதுர மில்லிமீட்டர். எஃப்எக்ஸுடையது 315, அதுவும் சால்டர் போட்டது. அதனால் ஒரு வேடிக்கை: மொத்தமாக அதிகச் சூட்டை வெளியே தள்ளுவது எஃப்எக்ஸ், தெர்மாமீட்டரில் அதிக எண் காட்டுவது 3570கே. எண்ணைப் பார்த்துவிட்டு "உன்னுதுதாண்டா கொதிக்குது" என்று தெப்பக்குளத்தான் சிரிப்பான். அவன் அறைக்குள் போனால் சட்டை நனைந்துவிடும்.

மூடியைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வாரண்டி அத்தோடு முடிந்தது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தரையில் செய்தித்தாள் விரித்து, புதுச் சவரப் பிளேடு ஒன்று. பச்சைப் பலகைக்கும் உலோக மூடிக்கும் நடுவில் கறுப்பு சிலிக்கோன் பசை, நாலு பக்கமும். மூலையில் பிளேடை நுழைத்து, வெண்ணெய் வெட்டுவது போல அறுக்க வேண்டும். ஆழம் போனால் நடுவில் இருக்கும் சிலிக்கானில் படும், சாய்ந்தால் பலகையில் ஓடும் கம்பிக் கோடு அறுபடும். ரெண்டில் எது நடந்தாலும் ப்ராசசர் சாவிக்கொத்தில் மாட்டத்தான் ஆகும். மூன்று பக்கம் சுலபமாக வந்தது. நாலாவது பக்கத்தில் பிளேடு வழுக்கி என் கட்டைவிரலில் இறங்கியது. ரத்தம் பலகையில் விழாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். மஞ்சளோடு வந்தவர் கையைப் பார்க்கும் முன் தரையைப் பார்த்தார். "பதினாலாயிரம்னு சொன்னியே, அதையா பிளேடு போட்டுக் கீறிட்டிருக்க?"

மூடி வந்தது. உள்ளே பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி. பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, புதுப் பேஸ்ட் ஒரு துளி வைத்து, பசையில்லாமலே மூடியை உட்கார வைத்து, சாக்கெட்டின் கொக்கியைப் பூட்டினேன். 14 டிகிரி குறைந்தது. பேஸ்ட் மட்டமா என்பதைவிட, அந்தப் பசையின் தடிமனால் மூடி தூக்கி நின்றதுதான் பெரிய குற்றவாளி என்று நினைக்கிறேன். அந்தக் கோடை முழுக்க 4.5.

நண்பன் கதையையும் சொல்லிவிட வேண்டும். ப்ராசசரில் மிச்சம் பிடித்தவன் போர்டிலும் மிச்சம் பிடித்தான். 125 வாட் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருந்த விலை குறைந்த போர்டு. மின்சாரம் பகிரும் சுற்றின் மேல் ஹீட் சிங்க் கிடையாது. 4.5க்கு ஏற்றினான். பத்து நிமிஷம் ஓடும், அந்தச் சுற்று கொதிக்கும், போர்டு பயந்துபோய் வேகத்தை 1.4க்கு இறக்கிவிடும். கேமில் ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று சேற்றில் மாட்டிய மாதிரி. கடைசியில் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, எதிரே டேபிள் ஃபேன் வைத்தான், முழு வேகத்தில். அது வேலை செய்தது. மின்வெட்டில் அவன் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருப்பான், ப்ராசசருக்கு மட்டும் இன்வெர்ட்டரில் காற்று வரும்.

ஒரு முறை பேஸ்ட் மாற்றக் கூலரைக் கழற்றினான். கழற்றினான் என்றால், சூடாக்காமல் நேராக மேலே இழுத்தான். காய்ந்த பேஸ்டில் ஒட்டிக்கொண்டு, கொக்கி பூட்டியிருந்தும், ப்ராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏஎம்டியில் அப்போது ஊசிகள் ப்ராசசரின் அடியில். ஒரு ஓரத்தில் ஏழெட்டு ஊசி படுத்துவிட்டன. பேனா பென்சிலின் ஈயத்தை எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் ஒவ்வொரு ஊசியாக நுழைத்து, மூச்சை அடக்கி நிமிர்த்தினோம். ஒன்றரை மணி நேரம். வைத்துப் பட்டனை அழுத்தியதும் ஒற்றை பீப் வந்தது. ரெண்டு பேரும் போய் ஜிகர்தண்டா குடித்தோம்.

அவன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013 பிப்ரவரியில் வந்த கிரைசிஸ் 3இல் அவனுடைய எட்டு கோரும் வேலை செய்தன. அதில் என்னுடையதற்கு அவனுடையது இளைத்ததில்லை. அதே வருஷம் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ரெண்டும் ஏஎம்டியின் எட்டு கோரோடு வந்தபோது, "இனிமே எல்லா கேமும் எட்டு கோருக்குத்தான் எழுதுவாங்க, உன் நாலு செத்துச்சு" என்றான். பாதி பலித்தது. 2016, 2017 வாக்கில் நாலு த்ரெட் நிஜமாகவே போதாமல் போனது. பேட்டில்ஃபீல்டு 1இல் 64 பேர் உள்ள மேப்பில் என் நாலு கோரும் 100 சதவீதத்தில் முட்டி நிற்கும், படம் துள்ளும். ஆனால் அதற்குள் அவன் எஃப்எக்ஸும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பயன்படும் என்று வாங்குகிற ப்ராசசர், அந்த நாளை வருவதற்குள் தானும் கிழடாகிவிடுகிறது. ரெண்டு சாக்கெட்டும் அத்தோடு முடிந்துபோனவை, புதுத் தலைமுறை ப்ராசசர் எதையும் அவற்றில் போட வழியில்லை. 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வந்தபின் எங்கள் சண்டைக்கே அர்த்தம் போய்விட்டது. 65 வாட்டில் எட்டு கோர், பதினாறு த்ரெட்.

இப்போதும் யாராவது ரெண்டு ப்ராசசர் பேரைச் சொல்லி எது என்று கேட்டால், முதலில் அறையில் ஏசி உண்டா, என்ன கார்டு, மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் என்றுதான் கேட்கிறேன். எரிச்சலாகிறார்கள். இன்றைய ப்ராசசர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே விளிம்பு வரை ஏற்றப்பட்டுத்தான் வருகின்றன. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறையில் வோல்டேஜ் அதிகமாகப் போய்ச் சில்லுகள் நிலைகுலைந்து, 2024இல் வாரண்டியையே ரெண்டு வருஷம் நீட்ட வேண்டி வந்தது. இப்போது விஷயம் தெரிந்தவர்கள் செய்வது வோல்டேஜைக் குறைப்பது. நான் அன்றைக்கு விரதம் என்று பேர் வைத்தது.

2019இல் நண்பன் ஒரு செய்தியை அனுப்பினான். எட்டு கோர் என்று சொல்லி விற்றது சரியா என்ற வழக்கில் ஏஎம்டி 1 கோடியே 21 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகிறது, பட்டியலில் 8350யும் உண்டு என்று. கலிஃபோர்னியாவில் வாங்கியவர்களுக்கும், ஏஎம்டியின் இணையதளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாங்கிய அமெரிக்கர்களுக்கும் மட்டும்தான் அது என்று படித்துச் சொன்னேன். "நம்ம டேபிள் ஃபேன் காசாவது வரும்னு பார்த்தேன்" என்றான்.

3570கே இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, விரதத்தில். அம்மா அதில் சமையல் வீடியோ பார்க்கிறார். போன மாதம் தூசி தட்டும்போது ஆசைக்கு விருந்தை ஒரு தடவை ஏற்றிப் பார்த்தேன். விசிறி எழும்பிய சத்தத்தில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "யார்டா அது, நான் இன்னும் அரிசியே கழுவலை, அதுக்குள்ள கிரைண்டரப் போட்டது?"